கொடி மாறும் குதிரைகள்

போர் விளையாட்டு ஒன்றை உருவாக்க உட்காரும் எவரும் முதலில் எழுதுவது ஒரே ஒரு வரிதான்: யாருக்கும் யாருக்கும் சண்டை? அதை எழுதிவிட்டால் மற்றவை தாமாக வந்து சேரும். இரண்டு பக்கம், இரண்டு நிறம், நடுவில் ஒரு மேசை, கையில் பகடை. கடந்த எட்டு மாதமாக நான் உருவாக்கிவரும் விளையாட்டில் அந்த முதல் வரிதான் பிடிகொடுக்கவே இல்லை.

விளையாட்டு நடக்கும் இடம் ஐபீரியா. இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பம். காலம் 1081 முதல் 1094 வரை, பதினான்கு ஆண்டுகள்.

மினியேச்சர் போர் விளையாட்டு என்றால் என்ன என்று புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் நுனி அளவே உள்ள வீரர் பொம்மைகளுக்கு நாமே வண்ணம் தீட்டுகிறோம். மூன்று நான்காகச் சேர்த்து அட்டைத் தட்டுகளில் ஒட்டுகிறோம். மேசைமேல் அணிவகுத்து, அளவுகோலால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதலின் முடிவைப் பார்க்கிறோம். சதுரங்கத்தில் கட்டம் உண்டு, இதில் கிடையாது. சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் ஒரே படை. இதில் யாரும் யாருக்கும் சமமில்லை. குதிரை, பசி, பணம், பயம் எல்லாமே விதிகளாக வரும்.

எங்கள் சனிக்கிழமைக் குழுவில் நான்கு பேர். நான், உயர்நிலை 2 படிக்கும் என் மகள், மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர், என் வேலையிடத்து மலாய்க் கூட்டாளி. இப்படி ஒரு விளையாட்டை யோசிக்கிறேன் என்று சொன்னதும் கூட்டாளிதான் முதலில் கேட்டார். “ஐபீரியாவின் கதை 1492ல் எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோற்கப் போகிற அந்த நாற்காலியில் நான் எதற்காக உட்கார வேண்டும்?”

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு பொம்மைக்குக்கூட வண்ணம் தீட்டக் கூடாது என்று முடிவுசெய்தேன். ஒரு பெட்டியின் மேல் ‘கிறிஸ்துவர்கள் எதிர் முஸ்லிம்கள்’ என்று எழுதி, அதைச் சிங்கப்பூரில் ஒரு வீவக வீட்டின் சாப்பாட்டு மேசையில் விரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனம் வரவில்லை என்பதற்காக வரலாற்றை மாற்றவும் முடியாது. அந்தப் பெட்டித் தலைப்பு உண்மைதானா என்றுதான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

அல்மெனார், 1082

711ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த படை தீபகற்பத்தின் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. பிறகு கோர்டோபா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு பெரிய அரசு எழுந்தது. 1031ல் அந்தக் கலிஃபா ஆட்சி உடைந்து, ஊருக்கு ஊர் தனி அரசர்கள் தோன்றினர். இந்தச் சிற்றரசுகளைத் ‘தைஃபா’ என்பார்கள். சரகோசா, செவில், டொலேடோ, கிரனாடா, வலென்சியா எல்லாம் அப்படி வந்தவை. வடக்கே காஸ்டீல், லியோன், அரகோன், பார்சலோனா போன்ற கிறிஸ்துவ அரசுகள்.

ஆக, வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம் என்று கோடு போடத் தோன்றும். அல்மெனார் போரை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள்.

சரகோசாவின் அரசர் இறந்ததும் நாடு இரண்டு மகன்களுக்குப் பிரிந்தது. அல்-முத்தமனுக்குச் சரகோசா. அல்-முந்திருக்கு லெய்தாவும் கடற்கரைப் பகுதியும். அண்ணன் தம்பிக்குள் சண்டை மூண்டது. இருவரும் முஸ்லிம் அரசர்கள். அல்-முந்திர் பார்சலோனாவின் கிறிஸ்துவப் பிரபு பெரெங்கர் ரமோனைத் துணைக்கு அழைத்தார். அல்-முத்தமனுக்காகப் படை நடத்தியவர் ரொட்ரிகோ டியாஸ் என்ற காஸ்டீல் வீரர். தன் அரசரால் 1081ல் நாடு கடத்தப்பட்டு, முதலில் பார்சலோனாவில் வேலை தேடி, அங்கே கிடைக்காமல் சரகோசாவுக்கு வந்து சேர்ந்தவர். 1082ல் அல்மெனாரில் ரொட்ரிகோ வென்றார். பார்சலோனா பிரபுவைச் சிறைபிடித்தார், சில நாளில் விடுவிக்கவும் செய்தார்.

இந்த ரொட்ரிகோதான் பிற்காலத்தில் ஸ்பெயினின் தேசிய வீரராகக் கொண்டாடப்பட்ட ‘எல் சித்’. அந்தப் பட்டமே ‘தலைவர்’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்த அல்-முத்தமன் கணிதத்தில் பெரிய நூல் எழுதியவர்.

அல்மெனார் ஒன்றும் விதிவிலக்கு அல்ல. 1063ல் அரகோன் அரசர் முதலாம் ரமீரோ கிராவுஸ் கோட்டையை முற்றுகையிட்டபோது கொல்லப்பட்டார். அவரை எதிர்த்து நின்ற சரகோசாப் படைக்குத் துணையாக வந்தவர்கள் காஸ்டீல் வீரர்கள். காஸ்டீல், லியோன் இரண்டையும் ஆண்ட ஆறாம் அல்போன்சோ, 1072ல் தன் அண்ணனிடம் தோற்றுத் தஞ்சம் புகுந்தது டொலேடோவின் முஸ்லிம் அரசரிடம். அந்த டொலேடோவையே 1085ல் அவர் தனதாக்கிக்கொண்டார்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்தேன். கூட்டாளி படித்துவிட்டு, “அப்படியென்றால் யாருக்கும் யாருக்கும்தான் சண்டை?” என்றார். மகள் முந்திக்கொண்டாள். “யாரிடம் காசு இருக்கு, யாரிடம் குதிரை இருக்கு? அதுதான்பா கேள்வி.”

அதுவே விதிப் புத்தகத்தின் முதல் வரியானது.

பொன்னும் பொறுமையும்

தெற்கே பொன் இருந்தது. வடக்கே குதிரைவீரர்கள் இருந்தார்கள். தைஃபா அரசர்கள் வடக்குக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டினார்கள். கட்டியவரை மற்றவர்களிடமிருந்து காப்பாற்றுவதாகப் பேச்சு. கட்டாதவர் நிலத்தில் பயிர் எரியும். இந்தப் பொன் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஓர் உதாரணம்: பிரான்சின் க்ளுனி மடத்துக்குக் காஸ்டீல் அரசர்கள் ஆண்டுக்கு 1,000 பொற்காசு நன்கொடை கொடுத்துவந்தார்கள். 1077ல் அல்போன்சோ அதை 2,000ஆக உயர்த்தினார். தெற்கின் முஸ்லிம் குடியானவர் கட்டிய வரி, மலை தாண்டிப் போய்க் கிறிஸ்துவ மடத்தை வளர்த்தது.

கிரனாடாவின் கடைசி சிரித் வம்ச அரசர் அப்துல்லா, பதவி இழந்து மொரோக்கோவில் வாழ்ந்தபோது தன் கதையைத் தானே எழுதிவைத்தார். கப்பம் எப்படி ஓர் அரசை உள்ளிருந்தே அரித்தது என்பதை அனுபவித்தவர் வாயாலேயே அதில் அறியலாம். கப்பம் கட்ட வரி போட வேண்டும். வரி போட்டால் குடிகள் வெறுப்பார்கள். குடிகள் வெறுத்தால் அரசர் பலம் குறையும். பலம் குறைந்தால் கப்பம் கூடும்.

என் விளையாட்டின் இயந்திரம் முழுவதும் இந்தச் சுழல்தான். நான்கு ஆட்டக்காரர்கள்: காஸ்டீல், பார்சலோனா, சரகோசா, செவில். ஒவ்வொரு சுற்றும் ஓர் ஆண்டு. தைஃபா ஆட்டக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் ‘குடிகளின் பொறுமை’ என்று பத்துப் படி கொண்ட ஓர் ஏணி. கப்பம் கட்டும்போதெல்லாம் ஒரு படி இறங்கும். ஏணிகள் இரண்டும் அடியைத் தொட்டாலோ, ஒரு தைஃபா ஆட்டக்காரர் தாமாகவே கேட்டாலோ, மேசையின் தெற்கு ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு சீட்டு திறக்கும். யூசுஃப் இப்னு தாஷ்பின் கடல் கடந்து வருவார்.

வரலாற்றில் அப்படித்தான் நடந்தது. டொலேடோ வீழ்ந்ததும் அஞ்சிய தைஃபா அரசர்கள், சகாராவிலிருந்து எழுந்து மொரோக்கோவை ஆண்ட அல்முராபித்துகளை உதவிக்கு அழைத்தார்கள். 1086 அக்டோபரில் ஸல்லாக்காவில் யூசுஃப் அல்போன்சோவை முறியடித்தார். பிறகு ஊர் திரும்பினார். ஆனால் மீண்டும் வந்தார். 1090ல் கிரனாடா அவர் கைக்குப் போனது, 1091ல் செவில் போனது. அழைத்தவர்களையே அகற்றிவிட்டார். அழைத்தவர்களில் முதன்மையானவரான செவில் அரசர் அல்-முத்தமித், நல்ல கவிஞர். மொரோக்கோவின் அக்மாத் என்ற ஊரில் கைதியாக இருந்து 1095ல் இறந்தார்.

இங்கேதான் கூட்டாளியின் நாற்காலிக் கேள்விக்கு விடை கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே வெற்றி என்று வைக்காமல் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வெற்றி வைத்தேன். 1094 முடிவில் மூன்று ஊர்களிலிருந்து கப்பம் வந்துகொண்டிருந்தால் காஸ்டீலுக்கு வெற்றி. பார்சலோனா பிரபு சிறைபடாமல், கடற்கரை ஊர் ஒன்றிலாவது கப்பம் வாங்கியிருந்தால் அவருக்கு வெற்றி. சரகோசா 1094 வரை சொந்த அரியணையில் இருந்தால் போதும். உண்மையில் அது 1110 வரை தாக்குப்பிடித்தது. செவில் 1091ஐத் தாண்டி ஓர் ஆண்டு நின்றாலே வெற்றி. வரலாற்றைவிட ஒரு வருடம் கூடுதலாக உயிரோடு இருப்பது சின்ன வெற்றி அல்ல. செவில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

கூலிக்குக் குதிரை

படைகளைத் திட்டமிட்டபோது எல்லாக் குதிரைவீரர்களையும் நான்கு பேருக்கும் பங்கிட்டுவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் எட்டுத் தட்டு சொந்தப் படை. மேசையின் நடுவே எட்டுத் தட்டு கூலிக் குதிரைப்படை, பொதுவாக நிற்கும். ஆண்டுத் தொடக்கத்தில் யார் அதிகக் காசு வைக்கிறார்களோ அவர்களுக்கு அந்த ஆண்டு அவை சண்டையிடும். அவற்றில் ஒரு தட்டு ரொட்ரிகோ.

இதற்காகச் செய்த ஏற்பாடு ஒன்றை மினியேச்சர் பிரியர்கள் தங்கள் படைகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். வழக்கமாகக் கொடி பிடிப்பவரை மற்ற வீரர்களோடு ஒரே தட்டில் ஒட்டிவிடுவோம். நான் கொடிக்காரருக்கு மட்டும் காசளவு வட்டத் தட்டு கொடுத்து, அடியில் மெல்லிய காந்தம் வைத்தேன். கூலிப்படையின் தட்டில் அதற்கு ஒரு சின்ன இரும்புத் தகடு. குதிரைகள் அப்படியே இருக்க, கொடிக்காரர் மட்டும் மாறுவார். சுற்றுக்குச் சுற்று மகள் அதைப் பிடுங்கி மாட்டும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கள் மேசையில் இப்போது ஒரு கெட்ட வார்த்தை மாதிரி.

கொடி மட்டும் மாறினால் போதுமா, உடை வேறாக இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். 11ஆம் நூற்றாண்டில் வசதியுள்ள குதிரைவீரர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் வளையக் கவசமும், கூம்பு வடிவத் தலைக்கவசமும், ஈட்டியும், வாளும்தான். 13ஆம் நூற்றாண்டு அந்தலூசிய எழுத்தாளர் இப்னு சயீத், தம் நாட்டு வீரர்கள் உடையிலும் ஆயுதத்திலும் கிறிஸ்துவ அண்டை வீட்டாரைப் போலவே இருந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். எனவே என் கூலிப்படைக்கு ஒரே மாதிரியான மங்கிய நிறங்கள்: சாயம் போடாத கம்பளியின் பழுப்பு, மஞ்சிட்டிச் சிவப்பு, வெளிறிய பச்சை. பாதிப் பேருக்கு வட்டக் கேடயம், மீதிப் பேருக்கு நீண்ட கேடயம்.

காஸ்டீல் படைக்குக் கேடயத்தில் கோட்டைச் சின்னமும் சிங்கச் சின்னமும் தீட்டத்தான் கை பரபரக்கும். ஸ்பெயின் என்றதும் நினைவுக்கு வருவது அவைதானே. ஆனால் பரம்பரைச் சின்னங்கள் ஐரோப்பாவில் பரவியது அடுத்த நூற்றாண்டில். கோட்டையும் சிங்கமும் கட்டம் கட்டமாகச் சேர்ந்து வந்தது இரண்டு அரசுகளும் 1230ல் நிரந்தரமாக இணைந்த பிறகு. 1082ன் வீரருக்கு அவற்றைத் தீட்டுவது, தாத்தாவின் பள்ளிப் படத்தில் பேரனின் சீருடையை வரைவது போல.

பிறகு எதைப் பார்த்து வண்ணம் தீட்டுவது? அக்காலத்துக் கையெழுத்துச் சுவடிகள் இருக்கின்றன. 1047ல் அல்போன்சோவின் பெற்றோருக்காக எழுதப்பட்ட பியாத்துஸ் சுவடி ஒன்று இன்றும் மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களில் அடர்மஞ்சள், செம்மை, கருநீலம் எனப் பட்டை பட்டையாகப் பின்னணி. குதிரைகளின் நிறமும் இயற்கையை அவ்வளவாக மதிப்பதில்லை. நான் குதிரைகளை இயல்பாகவே விட்டு, சேணத் துணிகளுக்கு மட்டும் அந்த மஞ்சளையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டேன்.

நம் ஊர் ஈரத்தில்

அளவு 15 மி.மீ. கடைகளில் 28 மி.மீ. பொம்மைகள்தான் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றுக்கு ஆறடி மேசை வேண்டும். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசையை இரவு எட்டு மணிக்கு வாங்கி, பதினொன்றுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 15 மி.மீ. என்றால் ஒரு முழுப்படை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும்.

உலோகப் பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சுக் கோடுகளை அரத்தால் தேய்த்து, ஐஸ்கிரீம் குச்சியில் வரிசையாக ஒட்டிக்கொள்வேன். அடுத்தது பிரைமர். இங்கேதான் நம் ஊர்க் காற்று விளையாடும். ஈரப்பதம் மிகுந்த நேரத்தில் ஸ்பிரே அடித்தால் பூச்சு பொடிப்பொடியாக, மாவு தூவியதுபோல் வரும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அடிக்கவே கூடாது. வெயில் நன்றாக ஏறிய பிற்பகலில்தான் காற்று சற்றுக் காய்ந்திருக்கும். நான் ஸ்பிரேயையே விட்டுவிட்டு, தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறியவன். நேரம் கூடுதல், ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு நாற்றம் இல்லை.

கறுப்புப் பிரைமர் காய்ந்ததும், உலர்ந்த தூரிகையில் வெள்ளி நிறம் தொட்டுக் கவசத்தின்மேல் லேசாக உரசினால் வளையங்கள் தாமே எழும்பும். துணிகளுக்கு ஒரு அடிநிறம், மடிப்புகளுக்கு நீர்த்த பழுப்பு, மேடுகளுக்கு ஒரு வெளிர்க்கோடு. 15 மி.மீ.க்கு அவ்வளவுதான். கண்விழி வரையாதீர்கள், ஓரடி தள்ளி நின்றால் முழித்துப் பார்ப்பதுபோல் இருக்கும்.

அல்முராபித்துகளை மட்டும் தனியாக, கடைசியில் எடுத்தேன். அந்தச் சகாரா வீரர்கள் முகத்தை மறைத்துத் துணி கட்டியவர்கள். ‘முகத்திரையர்’ என்றே அரபு எழுத்தாளர்கள் அவர்களைக் குறிப்பிட்டார்கள். அந்தத் துணிக்கு அவுரி நீலம் தேர்ந்தேன். குப்பியைத் திறக்கும்போது ஒரு சொல் நினைவுக்கு வந்தது. ஸ்பானிய மொழியில் அவுரி நீலத்துக்கு ‘அஞீல்’ என்று பெயர். அரபியின் ‘அன்-நீல்’ வழியாகப் போனது. அதன் மூலம் நமக்கும் தெரிந்த ‘நீல’தான். சாயமும் சொல்லும் ஒரே பாதையில் பயணம் செய்திருக்கின்றன.

சின்னஞ்சிறு தட்டுகள்

படைகளைவிட எனக்கு அதிக நேரம் எடுத்தவை வேறு. அந்தக் காலத்துப் போரில் பெரிய களச் சண்டைகள் குறைவு. பெரும்பாலும் நடந்தது சூறையாட்டம்: எல்லை தாண்டி விரைந்து போய்ப் பயிரை எரிப்பது, ஆடுமாடுகளை ஓட்டி வருவது, மனிதர்களைப் பிடித்து வருவது. ஆநிரை கவர்தல் என்ற நம் பழஞ்சொல் இதில் ஒரு பாதியைச் சொல்லும். மறு பாதி அடிமை வணிகம்.

இதை விதியில் விட்டுவிடலாம். பல விளையாட்டுகள் ‘கொள்ளை: 3 புள்ளி’ என்று ஒரு வில்லையைக் கொடுத்துக் கடந்துவிடும். நான் வில்லைக்குப் பதில் ஆறு தட்டுகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். கூடை சுமக்கும் பெண், கழுதை ஓட்டும் கிழவர், ஒரு குழந்தை. உடையில் வித்தியாசம் எதுவும் வைக்கவில்லை. பார்த்தால் எந்தப் பக்கத்துக் குடும்பம் என்று சொல்ல முடியாது. பிடிபட்டால் அந்தத் தட்டு பிடித்தவர் பக்கம் போகும். ஆட்டம் முடிவதற்குள் அவர்களை மீட்காத அரசருக்கு, அவர் வேறு எதில் வென்றிருந்தாலும், வெற்றி கிடையாது.

மீட்புப் பணம் என்பது நான் கட்டியது அல்ல. எல்லையின் இருபுறமும் போய்ச் சிறைப்பட்டவர்களை விலை கொடுத்து மீட்டு வருவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பிற்காலக் காஸ்டீல் சட்டத்தில் ‘அல்ஃபக்கேக்கே’ என்று தனிப் பெயரே உண்டு. அதுவும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொடிகள் மாறின, கூட்டணிகள் கலந்தன என்பதால் அந்தக் காலம் நல்லிணக்கத் திருவிழா ஆகிவிடாது. 1064ல் பிரான்சிலிருந்தும் கத்தலோனியாவிலிருந்தும் வந்த படை பர்பாஸ்ட்ரோ நகரைப் பிடித்தபோது படுகொலை நடந்தது. 1066ல் கிரனாடாவில் ஒரு கும்பல் யூத அமைச்சரையும் ஏராளமான யூதர்களையும் கொன்றது. 1492ல் யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை, முஸ்லிம்களாக இருந்து மதம் மாற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் துரத்தப்பட்டார்கள். ‘மதச் சண்டை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது எவ்வளவு சோம்பேறித்தனமோ, ‘எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்’ என்பதும் அவ்வளவே.

செவில் நாற்காலி

இதுவரை மூன்று முறை முழு ஆட்டம் ஆடிப் பார்த்திருக்கிறோம். மூன்றாவதைச் சொல்கிறேன்.

காஸ்டீலாக ஆசிரியர். நாற்பது ஆண்டு வகுப்பறையைக் கட்டி ஆண்ட மனிதர், கப்பம் வசூலிப்பதில் இரக்கமே காட்டவில்லை. சரகோசாவாக மகள். கையில் இருந்த காசையெல்லாம் வைத்து ரொட்ரிகோவை மூன்று ஆண்டு தொடர்ந்து வாங்கினாள். பார்சலோனாவாக நான், இரண்டு முறை அவளிடம் சிறைப்பட்டேன். செவில் நாற்காலியில் கூட்டாளி.

1088ஆம் சுற்றில் அவருடைய பொறுமை ஏணியில் இரண்டு படிதான் மீதி. ஆசிரியர் மறுபடியும் கப்பம் கேட்டார். கட்டினால் ஒரு படி. கட்டாவிட்டால் வயல் எரியும், ஒரு குடும்பம் போகும். மூன்றாவது வழி, அந்தக் கவிழ்த்த சீட்டு. கூட்டாளி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. காப்பி ஆறிப்போனது. பிறகு சீட்டைத் திருப்பினார்.

யூசுஃபின் படையில் முழங்கிய முரசுகள் ஸல்லாக்காவில் எதிரிகளைக் கலங்கடித்ததாக நூல்கள் சொல்கின்றன. அதற்காகக் கூட்டாளி தம் வீட்டுக் கொம்பாங்கைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு தட்டுத் தட்டினார். ஆசிரியரின் குதிரைப்படை நாலாபக்கமும் சிதறியது. மேசையில் ஒரே சிரிப்பு. ஆனால் அடுத்த சுற்றுகளில் நீலத் துணியணிந்த அந்தத் தட்டுகள் ஊர் திரும்பவில்லை. 1092ல் செவில் அவர்கள் கையில் விழுந்தது.

விதிப்படி கூட்டாளிக்கு வெற்றி. வரலாற்றைவிட ஓர் ஆண்டு கூடுதல்.

“ஜெயித்துவிட்டேன்,” என்றார். “ஆனால் ஊர் போய்விட்டதே.” கொஞ்சம் கழித்து, “அந்த முத்தமித்தைத் துரோகி என்றும் படித்திருக்கிறேன், முட்டாள் என்றும் படித்திருக்கிறேன். வேறு என்ன செய்திருப்பார்?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மகள் மட்டும் ஏணியைப் பார்த்து, 1084ல் தன்னோடு சேர்ந்து நின்றிருந்தால் கப்பமே கட்டாமல் தப்பியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். கேட்டிருந்தால் வந்திருப்பாயா என்றார் அவர். அவள் யோசித்துவிட்டு, “அப்ப எனக்கு ரொட்ரிகோ இருந்தாரே அங்கிள், வந்திருக்க மாட்டேன்” என்றாள்.

நூறு பக்கம் படித்தும் எனக்குப் பிடிபடாத ஒன்றை அவர்கள் இருவரும் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்தார்கள். தைஃபாக்கள் ஏன் ஒன்று சேரவில்லை என்பதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை. பலமாக இருப்பவருக்குச் சேர வேண்டிய அவசியம் தெரிவதில்லை. அவசியம் தெரியும்போது பலம் இருப்பதில்லை.

பத்தாம் அல்போன்சோ என்ற காஸ்டீல் அரசர் 1283ல் விளையாட்டுகளைப் பற்றி ஒரு பெரிய சுவடியை முடிக்கச் செய்தார். அதில் ஒரு படம்: கூடாரத்துக்குள் ஒரு முஸ்லிமும் ஒரு கிறிஸ்துவரும் எதிரெதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். ஸ்பானிய மொழியில் அந்த ஆட்டத்துக்கு ‘அஹெத்ரேஸ்’ என்று பெயர். சதுரங்கம் பாரசீகத்துக்கும் அரபுக்கும் போய், அங்கிருந்து ஐபீரியாவுக்குப் போனபோது ஒட்டிக்கொண்ட நம் பக்கத்துப் பெயர்தான் அது. ஆங்கிலத்தில் பிஷப் எனப்படும் காயை அவர்கள் இன்றும் அரபுச் சொல்லால் யானை என்றே அழைக்கிறார்கள். அந்தப் படத்தை அச்சிட்டு விதிப் புத்தகத்தின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். தலைப்பின் கீழே யார் எதிர் யார் என்று எதுவும் எழுதவில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். நான்கு படையும் வேண்டாம். 15 மி.மீ.யில் பன்னிரண்டு தட்டு போதும், ஆறு நிறக் குப்பிகள் போதும். கொடிக்காரரைத் தனித் தட்டில் வையுங்கள். முதலில் பொதுமக்கள் தட்டுகளுக்கு வண்ணம் தீட்டுங்கள். அவற்றைத் தீட்டிவிட்டு மேசையில் வைப்பவர் குதிரையை நகர்த்தும் விதமே வேறாக இருக்கும்.

அடுத்த ஆட்டம் பள்ளி விடுமுறையில். காஸ்டீல் நாற்காலி தமக்குத்தான் வேண்டும் என்று கூட்டாளி இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். கப்பம் கேட்கிற பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.